பீச்சாங்கைக்காரி பெருக்கிய தரையில் ஒரு வெளிமான்

முதல் பிலிம் ரோலைக் கழுவி வாங்கியபோது முப்பத்தாறு படங்களில் இருபத்திரண்டில் நான் இருந்தேன். ஒன்றில்கூட முகம் இல்லை. குனிந்து பெருக்குகிற ஒருத்தியைப் பின்னாலிருந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அது இருபத்திரண்டு விதமாகத் தெரிந்தது.

டீச்சரம்மா அந்தப் படங்களை ஒரு உறையில் போட்டுக்கொண்டு என்னைத் தேடி வந்தார். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இது நீதானா பாரு."

வாங்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒரே சங்கதி.

"மூஞ்சியே தெரியலியே டீச்சரம்மா. எப்டி நான்னு கண்டுபுடிச்சிங்க?"

"மேஸ்திரிகிட்டக் காமிச்சேன். இடது கையால பெருக்கறவ இந்தக் காம்பவுண்டுல நீ ஒருத்திதான்னு சொன்னார்."

"நல்லவேள, கைய வெச்சுக் கண்டுபுடிச்சாரு."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மயிலாப்பூர்க்காரர், வயது என் வயதுதான், நாற்பத்தைந்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. ஒரு பெண்கள் காலேஜில் விலங்குகளைப் பற்றிப் பாடம் சொல்கிறவர், எங்கள் காம்பவுண்டு மான்களை ஆராய அனுமதி வாங்கி வந்துபோகிறவர். அதுவரை எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. அன்றைக்குச் சிரித்தாரே, அதோடு ஆரம்பித்தது.

இதெல்லாம் தொண்ணூறுகளில். அடையாறு தாண்டி, மான் இருக்கிற காட்டை ஒட்டி ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம். அதன் முழுப் பெயர் பத்து வருஷம் வேலை பார்த்தும் என் வாய்க்குள் நுழையவில்லை. கொட்டிவாக்கத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்து, ரோடு, மரத்தடி, மைதானத்து ஓரம் எல்லாம் பெருக்குவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல் போய்விட்டது. இப்போது நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் நல்ல தமிழில் திருத்திக்கொள்ளட்டும், நகைச்சுவையைத் திருத்தினால் சோறு கிடையாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பீச்சாங்கை எனக்குப் பிறவியிலேயே வந்தது. அதற்கு மேஸ்திரியிடம் தினமும் பாட்டு வாங்குவேன். தோட்டத்து ஆட்களுக்கும் பெருக்குகிற ஆட்களுக்கும் அவர்தான் தலைவர்.

"ஏமே, சோத்துக் கையால பெருக்கமாட்டியா? உன் கோடெல்லாம் திரும்பிக்கினு கீது. பீச்சாங்கையால பெருக்கினா லட்சுமி போயிடுவா."

"கவர்மெண்டு எடத்து லட்சுமி மேஸ்திரி. பென்சன் வாங்காம போவமாட்டா."

கோடு திரும்பித்தான் இருக்கும், அதை மறுக்க முடியாது. தென்னங்குச்சித் துடைப்பத்தால் மண்ணைப் பெருக்கினால் பிறை பிறையாகக் கோடு விழும். மற்றவர்கள் பெருக்கினால் பிறையெல்லாம் ஒரு பக்கம் பார்க்கும். நான் பெருக்கினால் மறு பக்கம் பார்க்கும். 

சரி, கேமரா விஷயத்துக்கு வருகிறேன். டீச்சரம்மாவின் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு பெட்டிகள். ஒன்றை ஒரு மரத்தில் கட்ட வேண்டும், மற்றதை எதிர் மரத்தில். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுமாம். எது அந்தக் கோட்டைத் தாண்டினாலும் முதல் பெட்டிக்குள் இருக்கும் கேமரா தானாகவே படம் எடுத்துவிடும். மானா, பூனையா, பெருக்குகிறவளா என்று அதற்கு வித்தியாசம் கிடையாது. அந்த ஊரில் மான் எந்த வழியாக வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேட்டைக்காரர்கள் இதை மாட்டுவார்களாம்.

"அப்ப நீங்களும் மான் கறிக்கா?" என்று கேட்டேன்.

"சிவ சிவா! எங்காத்துல முட்டையே கிடையாது" என்றார்.

அவருக்கு வேண்டியது ஒரு வெளிமான். எங்கள் பக்கம் புள்ளிமான் நிறைய. காண்டீன் வாசலில் வந்து நிற்கும், துணி காயப்போட்டால் மெல்லும். வெளிமான் அப்படி இல்லை. மரத்துக்குள் வராது. திறந்த புல்வெளிதான் அதற்கு வேண்டும். ஆளைக் கண்டால் ஓட்டம். ஆண் கறுப்பாக, முறுக்குக் கொம்போடு ராஜா மாதிரி இருக்கும். பெண்ணுக்குக் கொம்பு கிடையாது, உடம்பு வெளிர் பழுப்பு, வயிறு வெள்ளை. தூரத்தில் பார்த்தால் ஆடு என்றே நினைக்கத் தோன்றும். 

அந்த ஆடுதான் என் மானத்தை வாங்கியது.

எங்கள் காம்பவுண்டுக்குள் கிழக்கு மைதானம் என்று ஒரு புல்வெளி. ஐயாமார்கள் எல்லாரும் ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. வண்டி நிறுத்த இடம் இல்லை. கட்டடம், ரோடு, குழாய் எல்லாம் பார்த்துக்கொள்கிற எஸ்டேட் ஆபீசர், கிழக்கு மைதானத்தில் கல் கொட்டி வண்டி நிறுத்துகிற இடமாக ஆக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார். டீச்சரம்மா அங்கே வெளிமான் வருகிறது என்று மனு கொடுத்தார். ஆபீசர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் போய், "ஒரு பொட்ட வெளிமான் காத்தால வருது சார், நான் ரெண்டு தபா பாத்தேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "வேளச்சேரிப் பக்கத்து ஆடு ஏதாவது சுவர் இடிஞ்ச வழியா வந்திருக்கும்மா."

ஆபீஸே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார், மேலதிகாரி சிரிக்கும்போது சிரிக்காவிட்டால் அவர் வேலை என்னாவது? ஆட்டுக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று ஒருவர் என்னைச் சொல்லிவிட்டார். நான் மூன்று ஆடு வளர்த்து மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணினவள்.

ஆபீசர் டீச்சரம்மாவிடம் சொன்னது இது: "தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. அதுக்குள்ள ஒரு படம் காட்டுங்க மேடம். காட்டினா மைதானத்தை விட்டுடறேன். இல்லேன்னா தீபாவளி முடிஞ்சதும் லாரி வரும்."

அந்தப் படத்துக்காகத்தான் அத்தனை பாடும். ஆள் நின்று எடுக்க முடியாது. அந்தப் பெண்மான் குட்டி போட்டிருக்கிறது என்று டீச்சரம்மாவுக்கு ஒரு சந்தேகம். வெளிமான் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப்போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். நாம் அங்கே நடமாடினால் தாய் கிட்டே வராது, நம் வாசம் பிடித்து நாய் வரும். அதனால் ஆளே இல்லாமல் படம் எடுக்க வேண்டும்.

முதல் ரோல் என் பின்னழகில் போய்விட்டதா, டீச்சரம்மா கேமராவை வேறு பக்கம் மாற்றினார். மைதானத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், இரண்டு புங்க மரத்துக்கு நடுவே. புது ரோல் போட்டார். "இந்தப் பக்கமே வராதே" என்று என்னிடம் கைகூப்பிச் சொன்னார். நானும் போகவில்லை. ஒரே ஒரு நாள் தவிர.

அந்த நாள் ஆயுத பூஜை.

காலையிலேயே மேஸ்திரி குளித்து, திருநீறு பூசி, புல்வெட்டும் மிஷின், தள்ளுவண்டி, ரப்பர் குழாய், மண்வெட்டி, கத்தரி, எங்கள் துடைப்பங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். சாமந்தி மாலை போட்டார். பொரி, கடலை, வாழைப்பழம். பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். எல்லாம் முடிந்து பொரி பங்கு போடும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லா ஆயுதத்துக்கும் பூஜை நடக்கிறது, காட்டுக்குள் ஒன்று மட்டும் தனியாக வேலை பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தது, இந்த ஊரில் அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சந்தனக் கிண்ணத்தோடு போனேன். கோட்டைத் தாண்டாமல், பெட்டிக்குப் பின்பக்கமாகச் சுற்றித்தான் போனேன், அவ்வளவு புத்தி எனக்கு உண்டு. பெட்டியின் முகத்தில் கண்ணாடிக் கண் மாதிரி மூன்று வட்டம் இருந்தது. மூன்றுக்கும் சந்தனம் தொட்டு, நடுவே குங்குமம் வைத்தேன். அம்மன் மாதிரி ஆகிவிட்டது. மிச்சமிருந்த மாலையைச் சாத்தி, அடியில் ஒரு குத்துப் பொரி போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து டீச்சரம்மா வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. கையில் உறை.

முதல் சில படங்கள் சுத்தமாக இருந்தன, ஒரு கீரி, இரண்டு மைனா. அப்புறம் எல்லாப் படத்திலும் நடுவில் சிவப்பாகப் பெரிய சூரியன். சூரியனைச் சுற்றிப் புள்ளிமான்களின் காது, கால், வால். கடைசிப் படங்களில் ஒரே ஒரு நாக்கு. மாலையைத் தின்றிருக்கிறது, பொரியைத் தின்றிருக்கிறது, சந்தனத்தையும் நக்கிப் பார்த்திருக்கிறது.

"ஏம்மா, கேமராவோட கண்ணுல யாராவது பொட்டு வெப்பாளா?" அவர் குரல் உடைந்திருந்தது.

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்கு வெக்காம வேற இன்னாத்துக்கு வெக்கறது டீச்சரம்மா?"

"அதுக்காக?"

"நீங்க ஒங்க வூட்ல எதுக்கு வெச்சிங்க?"

"மைக்ராஸ்கோப்புக்கு" என்றார். "ஆனா மேல பெட்டியிலதான் வெச்சேன். கண்ணுல வெக்கலை."

"அத்த மொதல்லயே சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டேனே தவிர, தப்பு என்னுடையதுதான். என்னால் ஒரு வாரம் போயிற்று. கமிட்டிக்கு இன்னும் பத்து நாள்கூட முழுசாக இல்லை. அதற்குள் அடையாறு முழுக்க வெடிச் சத்தம் ஆரம்பித்துவிட்டால் வெளிமான் உள்காட்டுக்குப் போய்விடும், அப்புறம் எந்தப் பெட்டிக்கும் சிக்காது. டீச்சரம்மா வேரில் உட்கார்ந்து அந்த நாக்குப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி கண்முன்னால் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அந்த எடத்துல கண்ண தொறந்துவெச்சிருந்தாலும் வெளிமான் வந்திருக்காது" என்றேன். "அது புள்ளிமான் ரூட்டு. மரத்துக்குள்ள அந்தம்மா வரமாட்டா."

"பின்ன எந்த வழியா வர்றா?"

"ரெண்டு நாளு குடுங்க. சொல்றேன்."

எனக்கு வேறு கேமரா ஒன்று இருந்தது. பிலிம் வேண்டாம், அமெரிக்காவும் வேண்டாம். அதுவரை நான் மைதானத்து ஓரத்தைக் காலையில் பெருக்குவேன். அன்றைக்கு அதை மாலைக்கு மாற்றினேன். வேலை முடிகிற நேரத்தில், புல் முடிந்து மண் ஆரம்பிக்கிற விளிம்பு முழுவதையும் பெருக்கினேன். முன்னால் நடந்துகொண்டே பெருக்கினால் நம் கால் தடம் விழும். நான் பின்னாலேயே நகர்ந்து, என் தடத்தை நானே அழித்துக்கொண்டு வெளியே வந்தேன். மண் கழுவிய பலகை மாதிரி ஆயிற்று. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் இராத்திரி வந்தவர் போனவர் கணக்கெல்லாம் எழுதியிருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அது.

புள்ளிமான் குளம்பு தெரியும், அகலமாகப் பதியும். நாய் தெரியும். கீரி தெரியும். வாட்ச்மேன் ரப்பர் செருப்பு எங்கே போய் உட்கார்ந்து பீடி பிடித்தது என்பதும் தெரியும், அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவருக்கு மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் எனக்குத் தினமும் டீ அவர் கணக்கு.

மூன்றாம் நாள் காலை, உடைந்த சிமெண்ட் பெஞ்சுக்கும் ஒரு கருவேல மரத்துக்கும் இடையில் புதுத் தடம். ஒல்லியாக, முனை கூராக, இரண்டு பாதியாகப் பிளந்த பாதாம்பருப்பு மாதிரி. நான்காம் நாளும் அதே இடத்தில். அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் நகம் அளவுக்கு இன்னொரு தடம், சின்னது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சரம்மாவைக் கூட்டிவந்து தூரத்திலிருந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"குட்டி நடக்க ஆரம்பிச்சுடுத்து" என்றார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "ஆனா கேமராவை அங்க போய் எப்படிக் கட்டறது? நான் போனா ஓடிப்போயிடுவாளே."

மைதானத்தின் அந்தக் கோடியில் தாய் நின்றுகொண்டிருந்தது. பாருங்கள், நான் ஒவ்வொரு நாளும் பெருக்குகிறேன், அது தலைகூடத் தூக்குவதில்லை. சர்ரு சர்ரு என்று துடைப்பம் போட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் அது மேய்கிறது. நான் இடுப்பு வலித்து நிமிர்ந்தால் உடனே காதைத் தூக்கிப் பார்க்கும். சத்தத்துக்குப் பயம் இல்லை அதற்கு. சத்தம் நின்றால்தான் பயம்.

"நான் பெருக்கிக்கினே இருக்கேன். நீங்க என் முந்தானையப் புடிச்சிக்கினு பின்னாடியே குனிஞ்சு வாங்க. கட்டி முடிக்கற வரைக்கும் நிறுத்த மாட்டேன்."

"என்ன ஆனாலும் நிறுத்தாதே."

"நீங்க தும்மாம இருங்க, போதும்."

சாயங்காலம் வேண்டாம் என்று மறுநாள் காலையே போனோம். ஏற்கெனவே பெருக்கிய தரையையே பெருக்கினேன். மயிலாப்பூர் டீச்சரம்மா புடவையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றி, இரண்டு பெட்டியையும் மடியில் கட்டிக்கொண்டு, என் நிழலுக்குள்ளேயே வந்தார். பெஞ்சுக் காலில் ஒரு பெட்டி. அங்கேயிருந்து மரத்துக்கு நகரும்போது தூசி கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் அந்தம்மா மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருக்கிறார், முகம் தக்காளி மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை நிற்கும், கை நின்றால் மான் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போட்டேன். வேகமாகப் போட்டதில் தூசி இன்னும் கிளம்பியது, அந்தம்மா இன்னும் சிவந்தார். கடைசி முடிச்சு விழுகிற வரைக்கும் இப்படியே போயிற்று. பெட்டிகள் முழங்கால் உயரத்தில் நின்றன. இருவரும் பின்னாலேயே நகர்ந்து, தடத்தை அழித்துக்கொண்டு வெளியே வந்தோம். வேப்பமரம் வந்ததும் டீச்சரம்மா ஒன்பது தும்மல் தும்மினார். நான் எண்ணினேன்.

அந்தக் கோடியில் தாய் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானமே சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு அணுகுண்டுப் பட்டாசு வெடித்தார்கள். காண்டீன் வாசலில் நின்ற புள்ளிமான் கூட்டம் கலைந்து ஓடியது. மறுநாள் விளிம்பில் ஒரு தடமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நாய்த் தடம்கூட இல்லை. மேஸ்திரி என்னிடம் வந்து, "போனது போச்சுமே, ஆட்டுக்கு ஏன் இவ்ளோ அல்லாடறே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாத நாள் அவருக்குப் பயம். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கமிட்டிக்கு முந்தின நாள் காலை. பெஞ்சுக்கும் மரத்துக்கும் நடுவில் என் பிறைக் கோடுகளின் மேலே, அச்சு வைத்த மாதிரி, பாதாம்பருப்புத் தடம். பக்கத்தில் நகம் அளவில் நாலைந்து. காண்டீன் போனில் டீச்சரம்மா வீட்டுக்குச் சொன்னேன். "வந்துட்டா" என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு மொபெட்டில் வந்தார். மறுபடி பெருக்கினேன், மறுபடி மூக்கைப் பிடித்தார், பிலிம் எங்கள் கைக்கு வந்தது.

"ஏறு" என்றார்.

"எங்க?"

"மயிலாப்பூருக்கு. நீ இல்லாம நான் அந்தக் கவரைப் பிரிக்க மாட்டேன்."

வேலை நேரத்தில் துடைப்பத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அடையாறு பாலம் தாண்டினேன். கோயில் குளத்துப் பக்கம் ஒரு ஸ்டூடியோ. கழுவித் தரும் வரை இருவரும் எதிரே ஓட்டலில் காபி குடித்தோம். நான் கோயில் பக்கம் பார்த்து, "கண்ல பொட்டு வெச்சது தப்புதான் தாயே, மன்னிச்சுக்கோ" என்று மனசுக்குள் சொன்னேன்.

உறையை நடைபாதையில் நின்றே பிரித்தோம். முதல் படம், முடிச்சு விழுந்ததுமே எடுத்த என் பின்பக்கம். "வழக்கம்போல" என்றார் டீச்சரம்மா. அடுத்து ஒரு மைனா. சருகு. ஒரு கீரி. ஒன்றுமில்லாத மண். ஒன்றுமில்லாத மண். அதற்கடுத்தது.

தாய் பக்கவாட்டில் நின்றது. வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அதன் அடியில் கால் நாலும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு, தலையை மேலே முட்டி, குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. தாய்க்குப் பயமே இல்லை. காது தொங்கிக்கிடந்தது.

டீச்சரம்மா நடுத்தெருவில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பூக்காரம்மா, "இன்னாச்சு, ரிசல்ட்டா?" என்று கேட்டார். "ஆமா, பாஸு" என்றேன்.

வெள்ளிக்கிழமை. ஆபீசர் அறையில் கமிட்டி. நான் கதவுக்கு வெளியே வாளியோடு நின்றேன். ஒட்டுக்கேட்பதற்காக இல்லை, வராண்டா அழுக்காக இருந்தது. அழுக்கு இல்லாவிட்டாலும் அன்றைக்கு அழுக்குதான்.

படம் கை மாறியது. அப்புறம் ஆபீசர் குரல்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா இது நம்ம கிழக்கு மைதானம்தான்னு எப்படிச் சொல்றது? பின்னாடி வெறும் புல்லுதான் தெரியுது. காட்டுக்குள்ள எங்க வேணும்னாலும் எடுத்திருக்கலாம் இல்ல?"

என் கையில் துடைக்கிற துணி நின்றுவிட்டது. டீச்சரம்மா, "நான் பொய் சொல்வேனா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. கேமரா பெஞ்சில் இருந்ததால் பெஞ்சு படத்தில் விழவில்லை, எதிர் மரத்தைத் தாயின் உடம்பு மறைத்துவிட்டது. நேரே போய்ப் பார்க்கலாம் என்றால் குட்டி கலைந்துவிடும், அதற்கு அவர் ஒப்பமாட்டார். லாரி மறுபடி கிளம்பிவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது, குழாய்க் கணக்குக்காக உள்ளே நின்றுகொண்டிருந்த மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார்.

"சார், அந்தப் படத்த இப்டிக் குடுங்க." வாங்கினார். "சார், காட்டுக்குள்ள ஆருனா பெருக்குவாங்களா?"

"என்னய்யா?"

"மானு காலாண்ட பாருங்க. மண்ணுல கோடு கோடா கீது. தொடப்பம் போட்ட எடம். அதுவும் கோடு திரும்பிக்கினு கீது பாருங்க. இது பீச்சாங்கைப் பெருக்கலு சார். நான் பத்து வருசமா இத்தப் பாத்துப் பாத்துத் திட்டிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? இந்தக் காம்பவுண்டுல ஒருத்திக்குத்தான் இப்டி வரும். அவ கிழக்கு மைதானத்த வுட்டா வேற எந்தப் புல்லாண்டயும் பெருக்கறது கெடையாது."

நாற்காலி நகர்ந்தது. ஆபீசர் படத்தோடு ஜன்னலுக்குப் போனார். ஜன்னலுக்குக் கீழே ஆபீஸ் முற்றம். அன்றைக்குக் காலையில் அதிசயமாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு முறை பெருக்கியிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கையில் இருந்த படத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டிலும் பிறை எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"சரி" என்றார் கடைசியில். "வண்டி நிறுத்தறதைத் தண்ணித் தொட்டிப் பக்கம் வெச்சுக்கலாம். மைதானத்தைத் தொட வேண்டாம்."

வெளியே வந்தவர் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார்.

"உன் பெருக்கல்தானாம்மா அது?"

"ஆமா சார்." கொஞ்சம் பொறுத்தேன். என் வாயை எனக்கே அடக்கத் தெரியாது. "ஆடு நல்லா விழுந்திருக்குதா சார் படத்துல?"

அவர் காது வரைக்கும் சிவந்துபோனார். பிறகு சிரித்துவிட்டார், நல்ல மனுஷன்தான்.

அந்தப் படத்தில் ஒரு பிரதி இன்னும் என் வீட்டில், டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் குட்டி அழகு, தாய் அழகு என்பார்கள். தரையைப் பாருங்கள், தரையைப் பாருங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீபாவளி முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். லாரி வரவில்லை. மைதானத்துக் கோடியில் தாய் மேய்ந்துகொண்டிருந்தது. நான் துடைப்பத்தை எடுத்து இடது கையில் பிடித்தேன். பின்னாலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்.

"ஏமே, எத்தினி தபா சொல்றது? சோத்துக் கையால பெருக்குமே!"

"பெருக்கறேன் மேஸ்திரி. அப்புறம் ஆபீசரு இது எந்த ஊரு மைதானம்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

அவர் குழாயைத் திறக்கப் போனார். நான் சர்ரு சர்ரு என்று ஆரம்பித்தேன். மான் தலை தூக்கவில்லை.